இடம் விட்டு நிற்கும் சுவர்கள்

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் பங்குகளில் குடில் கட்டும் வேலையும் தொடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் அதற்கு வேண்டிய பொருள்கள் ஊருக்குள்ளேயே கிடைத்தன. நாலு மூங்கில், ஒரு கட்டு வைக்கோல், சில தென்னங்கீற்றுகள், பழைய சிமெண்டுப் பைகள். பையின் தாளைக் கசக்கி, பசை தடவி, கரியும் காவியும் பூசினால் பாறை உருவாகிவிடும். தட்டில் விதைத்த நெல் பத்து நாளில் புல்வெளியாகிவிடும். உடைந்த முகக்கண்ணாடி ஒன்று குளமாகும். இவற்றைச் செய்த இளைஞர்கள் தங்களைக் கலைஞர்கள் என்று எண்ணிக்கொண்டதில்லை. திருக்காட்சித் திருநாள் முடிந்து சில நாள்களில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

இன்று குடில்கள் போட்டிக்கு வந்துவிட்டன. மின்விசையால் அருவி கொட்டுகிறது, காற்றாலை சுழல்கிறது, விண்மீன் கம்பியில் நகர்கிறது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வரும் மக்கள் அருவியைக் கண்டு வியந்து நிற்கிறார்கள். குழந்தை இயேசுவை எங்கே கிடத்தியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது.

ஓர் இடத்தைச் செயற்கையாகச் செய்து காட்டும் கலையின் நேர்மை எதில் அடங்கியிருக்கிறது? குடிலின் முன் நிற்கும்போது எழும் இக்கேள்வியை, அக்கலையையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவரின் படைப்புகளை வைத்துச் சிந்திப்பது பயனுடையது. திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணியின் நெடிய பணியை அதற்காகவே இங்கு எடுத்துக்கொள்கிறேன். 'நாயகன்' (1987), 'இந்தியன்' (1996) ஆகிய இரு தமிழ்ப் படங்களுக்காகச் சிறந்த கலை இயக்கத்துக்கான தேசிய விருதைப் பெற்றவர் அவர். 2001இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. விருதுகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு கலைஞனை அளப்பது எளிது. அவர் எழுப்பிய சுவர்கள் யாருக்காக நின்றன என்று கேட்பது சற்றுக் கடினம். ஆயினும் கேட்க வேண்டியது அதுவே.

அரண்மனைகளிலிருந்து தெருவுக்கு

நம் திரைப்படங்களில் 'செட்' என்ற சொல் நெடுங்காலம் ஆடம்பரத்தையே குறித்தது. ஜெமினியின் 'சந்திரலேகா' (1948) படத்தில் ராட்சத முரசுகளின் மேல் பெண்கள் ஆடும் காட்சியைத் தாத்தாக்கள் பேரன்களுக்குக் கதையாகச் சொன்ன காலம் உண்டு. அதன் கலை இயக்குநர் ஏ. கே. சேகர். புராணப் படங்களின் தேவசபைகளும் அரச கதைகளின் கொலுமண்டபங்களும் மரச்சட்டத்திலும் சுண்ணத்திலும் அட்டையிலும் எழுந்து, படப்பிடிப்பு முடிந்ததும் மறைந்தன. பார்வையாளன் அவற்றைச் செட் என்று அறிந்தே பார்த்தான்; அறிந்தே மகிழ்ந்தான். அந்த உலகில் கலை இயக்குநராக வாழ்ந்தவர் தோட்டா வெங்கடேஸ்வர ராவ். அவருடைய மகன்தான் தரணி. எனவே தூரிகையும் வண்ணமும் அரங்கத்தின் மரத்தூள் வாசனையும் அவருக்கு வீட்டுச் சொத்தாகவே வந்தன. அவர் முறையாக ஓவியம் பயின்றவர். திரைப்பணியோடு ஓவியப் பணியையும் விடாமல் தொடர்ந்து வந்தவர்.

1977இல் 'பதினாறு வயதினிலே' வெளிவந்தபோது செட்டுகளின் காலமே முடிந்துவிட்டது போலத் தோன்றியது. பாரதிராஜா ஒளிப்பதிவுக் கருவியைக் கிராமத்துக்குத் தூக்கிச் சென்றார். நம் மாவட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்துக்காக அவர் முட்டத்துக்கே வந்தார். பாறையும் கடலும் அங்கே ஏற்கெனவே இருந்தன. எவரும் அவற்றை வரைந்து வைக்க வேண்டியிருக்கவில்லை. உண்மை வேண்டுமானால் உண்மையான இடத்துக்குப் போ என்பது அத்தலைமுறையின் பாடமாயிற்று.

அந்தப் பாடத்துக்கு ஆறு ஆண்டுகளில் எதிர்பாராத ஒரு மறுமொழி கிடைத்தது. உண்மையான இடத்தைச் செட்டாகவே எழுப்பி, பார்ப்பவன் அது செட் என்பதை மறக்கும்படி செய்யவும் முடியும் என்று தரணி காட்டினார்.

சென்னையில் எழுந்த தாராவி

மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' பம்பாய்த் தாராவியின் கதை. தூத்துக்குடியிலிருந்து ஓடிப்போன சிறுவன் வேலு, அந்தச் சேரியில் வளர்ந்து, சட்டத்துக்கு வெளியே ஓர் அரசனாகிறான். தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு ரயிலேறிய தலைமுறைகளுக்குத் தாராவி வெறும் பெயர் அன்று. மணியார்டர் வந்த முகவரி. அந்தச் சேரியைத் தரணி நேரில் பார்த்து, படங்களாகவும் கோடுகளாகவும் பதிந்துகொண்டு வந்து, சென்னையில் வீனஸ் ஸ்டூடியோவில் எழுப்பினார்.

அந்தச் செட்டை இன்று மீண்டும் பார்க்கும்போது முதலில் தெரிவது அதன் ஒடுக்கம். தெரு இருவர் தோளுரசிப் போகும் அளவே விரிகிறது. தகரமும் பலகையும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. மழை பெய்கிறது, பெய்துகொண்டே இருக்கிறது. சுவர்கள் ஈரத்தை உறிஞ்சிக் கறுத்திருக்கின்றன. இந்தக் கறுப்பை ஒரே பூச்சில் கொண்டுவர முடியாது. சுவரைக் கட்டுவது பாதி வேலைதான். அந்தச் சுவரில் பல ஆண்டுகள் மனிதர் சாய்ந்திருந்த அடையாளத்தையும் புகை படிந்த அடையாளத்தையும் மழை வழிந்த தடத்தையும் ஏற்றுவதே மீதிப் பாதி. திரைத் தொழிலில் இதைப் 'பழசாக்குதல்' என்கிறார்கள். புதியதைப் பழையதாக்குவதற்குக் கைத்திறனுடன் வேறொன்றும் வேண்டும். ஏழைகளின் வீட்டில் எது எவ்விடத்தில் அழுக்காகும், எது தேய்ந்து பளபளக்கும் என்று அறிந்த கண் வேண்டும். அத்தகைய கண் ஏழைகளின் வீட்டுக்குள் போய் நின்ற பிறகே வாய்க்கும்.

வேலு பெரியவனான பின் அவன் வாழும் வீட்டையும் கவனிக்கலாம். அதிகாரம் பெருகியும் அவ்வீடு மாளிகையாகிவிடவில்லை. சேரியின் சுவர்களோடு உறவு முறியாமலே அது பெரிதாகிறது. மகனின் உடல் கொண்டுவந்து கிடத்தப்படும் காட்சியில் தந்தை மகனைப் பார்த்துக் கதறும்போது, நம் கண் எந்தத் தூணிலும் எந்தப் படியிலும் சென்று தங்குவதில்லை. அத்தனை உழைத்து எழுப்பிய சுவர் அந்த நேரத்தில் ஒதுங்கி நின்று, அழும் மனிதனுக்கு இடம் விடுகிறது. பி. சி. ஸ்ரீராமின் ஒளியும் கமல்ஹாசனின் நடிப்பும் இதில் பங்குகொண்டவை என்பதில் ஐயமில்லை. அந்த மூவருக்கும் தேசிய விருது கிடைத்தது. ஆனால் மூவரில் ஒருவருடைய பணி மட்டும், தன்னை நாம் மறந்த அளவுக்கே வெற்றி பெற்றது.

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வறுமையை இவ்வளவு திறமையாக வரைவது சரியா? இந்தத் தாராவியில் நாற்றம் இல்லை. மழைநீர் வெளிச்சத்தில் அழகாகவே மின்னுகிறது. வண்ணப்பொடி தூவும் பாடலில் சேரி ஒரு திருவிழாத் திடலாகிறது. அரங்கில் அமர்ந்து பார்ப்பவன் சேரியை இரசித்துவிட்டு எழுந்து போகலாம். சேரிக்குக் கடன்பட்டவனாக அவன் எழ வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த மறுப்பு பொருளற்றது அன்று. அழகு எப்போதும் நம் மனசாட்சியை விழிக்க வைப்பதில்லை. சில வேளைகளில் தாலாட்டியும் விடுகிறது.

ஆயினும் அதே படத்தில் சேரிக் குடிசைகள் இடிக்கப்படும் காட்சி உண்டு. நிலத்துக்குச் சொந்தக்காரனின் ஆணையில் வீடுகள் சரிகின்றன. வேலு அந்தச் செல்வந்தனின் வீட்டுக்கே சென்று அங்கிருக்கும் விலையுயர்ந்த பொருள்களை நொறுக்குகிறான். அவன் செய்வது நற்செய்தியின் வழி அன்று என்பது தெளிவு. ஆனால் குடிசை சரியும்போது நமக்குள் ஏதோ ஒன்றும் சேர்ந்து சரிகிறதே, அது ஏன்? அதுவரை ஒரு மணி நேரம் அந்தத் தகரக் கூரையின் கீழ் நாமும் வாழ்ந்திருக்கிறோம். இடிக்கப்படுவதற்கென்றே கட்டப்பட்ட செட் அது. படக்குழுவில் எவரும் அதற்காக அழுதிருக்க மாட்டார்கள். ஆனால் பார்த்தவனுக்கு அது வீடாகிவிட்டது. மறுசீரமைப்பு என்ற சொல் தாராவி மக்களின் உறக்கத்தை இன்றும் கெடுத்துக்கொண்டிருக்கையில், வீடு என்பது எத்தனை சதுர அடி என்ற கணக்குக்குள் அடங்காதது என்பதை உணர்த்திய அந்தச் செட்டை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது.

எரியும் தெரு

எட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே இயக்குநருக்காகத் தரணி மீண்டும் பம்பாயைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 'பம்பாய்' (1995) படத்தின் தெருக்கள் கிண்டியில் கம்பா கோலா வளாகத்தில் எழுந்தன. இப்போது காட்ட வேண்டியிருந்தது வறுமையை அன்று. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்நகரம் தன்னைத் தானே எரித்துக்கொண்டதை. இரணம் ஆறுவதற்கு முன்னரே அதைத் திரையில் காட்டுவது துணிவான செயல். இடர் மிகுந்த செயலும்கூட. உண்மையான தெருவில் மீண்டும் ஒரு தீயை மூட்டிப் படமெடுத்திருக்க இயலாது. இத்தகைய இடத்தில் செட் என்பது பொய் அன்று. ஒரு வகையில் அது இரக்கம். எவர் வீடும் எரியாமல், எரிந்த வீடுகளை நினைக்க வைக்கும் வழி அது.

இப்படத்தில் தரணியின் மிகச் சிறந்த பணி கலவரக் காட்சிகளில் இல்லை என்பது என் கருத்து. இளம் தம்பதியர் குடியேறும் அந்த நெருக்கமான குடியிருப்பில் அது இருக்கிறது. தனிமை என்பதே கிடைக்காத அறைகளும், எல்லார் காதும் எட்டும் படிக்கட்டுகளும், பக்கத்து வீட்டின் அன்பும் அதட்டலும் நுழைந்துவிடும் சன்னல்களும் அங்கே இருக்கின்றன. இந்த நெருக்கத்தை முதலில் நம்ப வைத்ததனால்தான் பின்னர் அதே சன்னல்கள் வழியே தீ நுழையும்போது நாம் நடுங்குகிறோம். இரு சமயத்தைச் சேர்ந்த பெற்றோரும் ஒரே வீட்டின் தீயில் மடிகிறார்கள். கலவரத் தெருக்களிலோ ஒரு குறை தென்படுகிறது. சில காட்சிகளில் தெரு ஒளிப்பதிவுக் கருவி ஓடுவதற்கு வாகாகவே அகன்றிருக்கிறது. கவிழ்ந்த வண்டியும் எரியும் சக்கரமும் வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கின்றன. அழிவுக்கு ஒழுங்கு கிடையாது. அதை ஒழுங்காக அடுக்கிய கை ஒரு கணம் வெளியே தெரிந்துவிடுகிறது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதைப் பெற்ற அப்படத்தின் நோக்கத்தை இக்குறை சிதைத்துவிடவில்லை. எனினும் விமர்சகன் அதைக் குறிப்பிடாமல் கடக்க இயலாது.

சுவர் முன்னால் வந்தபோது

'இந்தியன்' படத்தின் விருதுக்குப் பிந்தைய காலம் வேறொன்று. தமிழ், தெலுங்குத் திரையுலகங்களின் முதலீடு பெருகப் பெருக, செட்டிடம் எதிர்பார்க்கப்பட்டதும் மாறியது. 'அர்ஜுன்' (2004) என்ற தெலுங்குப் படத்துக்காக ஐதராபாத்தில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலே செட்டாக எழுந்தது. 'சிவாஜி' (2007) படத்தில் ஒரே பாடலுக்காகக் கண்ணாடியால் ஒரு மாளிகை எழுந்தது. இவற்றின் கைத்திறனைக் குறை சொல்ல எவருக்கும் தகுதி இல்லை. ஆனால் இவை நினைவில் நிற்கும் விதத்தைப் பாருங்கள். தாராவிச் செட்டை நினைத்தால் வேலுவின் முகம் வருகிறது. கண்ணாடி மாளிகையை நினைத்தால் கண்ணாடியும் அதன் செலவும் மட்டுமே வருகின்றன. செய்தித்தாள்களும் இந்தக் காலத்திலிருந்துதான் செட்டின் செலவைக் கோடிகளில் சொல்லிப் பெருமைப்படத் தொடங்கின. சுவர் முன்னால் வந்துவிட்டது. மனிதன் அதன் முன்னே ஆடிப்பாடும் ஒரு சிறு உருவமாகிவிட்டான்.

இதற்குத் தரணி ஒருவரையே பொறுப்பாக்குவது நியாயமாகாது. கலை இயக்குநன் தான் விரும்பியதைக் கட்டுவதில்லை, கேட்டதைக் கட்டுகிறான். முன்பு அவரிடம் இயக்குநர் ஒரு சேரியைக் கேட்டார். பின்பு தொழில் அவரிடம் ஒரு வியப்பைக் கேட்டது. இரண்டையும் ஒரே கையால், ஒரே உழைப்பால் தந்தார். மதிப்பு வேறுபடுகிறதென்றால் அது கேட்டவர்களாலும், பார்த்துக் கைதட்டிய நம்மாலும் நேர்ந்தது.

பின்னர் 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) இரு பாகங்களுக்கும் கலை வடிவமைப்பை ஏற்றபோது அவருக்கு முன் வேறொரு சிக்கல் இருந்தது. சோழர்களின் கற்றளிகள் நிற்கின்றன. அவர்கள் வாழ்ந்த அரண்மனைகள் நிற்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேட்டு அகழாய்வில் கிடைத்த அடித்தளங்களே அவற்றின் எச்சம். செங்கல்லும் மரமும் மண்ணோடு கலந்துவிட்டன. எனவே அங்கே கலைஞன் நினைவிலிருந்து அல்ல, ஊகத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது. உள்ளரங்குகளின் தூண்களிலும் விளக்கொளியிலும் தமிழ் மணம் கமழும்படி அவர் உழைத்திருக்கிறார். ஆனால் ஓர்ச்சா போன்ற வடபுலக் கோட்டைகளில் எடுக்கப்பட்ட காட்சிகளில் அம்மணம் கலைந்துவிடுகிறது.

இதை உணர நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் அம்மர மாளிகைக்குள் நுழைந்து பாருங்கள். கூரை தாழ்ந்திருக்கிறது, படிகள் குறுகலானவை, கறுத்துப் பளபளக்கும் தரையில் சன்னலின் ஒளி நீர்போல் கிடக்கிறது. ஒரு நாட்டை ஆண்டவர்களின் வீடு, மனிதன் குனிந்து நுழையும் அளவில் இருக்கிறது. உண்மையான பெருமை சில நேரங்களில் தாழ்வான கதவுகளை உடையது. திரைப்படம் இதை மறந்து, மன்னன் என்றால் வானளாவிய மண்டபம் என்றே நம்மைப் பழக்கிவிட்டது.

பெயரற்ற கைகள்

விருதைப் பற்றியும் ஒரு சொல். ஆஸ்கர் விருதில் கலை வடிவமைப்பாளரோடு, அரங்கத்தைப் பொருள்களால் நிறைப்பவரும் சேர்ந்து பெயர் பெறுகிறார். சுவரை எழுப்புவது ஒரு வேலை. அச்சுவரில் எந்த நாட்காட்டி தொங்க வேண்டும், அடுப்பருகே எந்தக் குடம் இருக்க வேண்டும், கட்டிலின் மேல் எந்தப் போர்வை கிடக்க வேண்டும் என்று தேர்வது இன்னொரு வேலை. நம் நாட்டில் இவ்விரண்டும் 'கலை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கி, விருதும் ஒருவர் கையிலேயே வந்து சேருகிறது. மரச்சட்டம் அடித்த ஆசாரி, அச்சு வார்த்தவர், சுவரைப் பழசாக்கிய வண்ணக்காரர், பழைய பொருளுக்காகக் கடை கடையாய் அலைந்தவர் ஆகியோர் பெயர்கள் திரையில் ஓடும்போது நாம் எழுந்து வாசலை நோக்கி நடந்துகொண்டிருக்கிறோம். அவர்கள் கட்டியவை இன்று எங்கும் இல்லை. நாசரேத்துத் தச்சர் செய்த ஒரு நுகத்தடியும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டு யாரோ உழுதிருப்பார்கள்; யாரோ உண்டிருப்பார்கள். மறையப்போகும் பொருளையும் பிழையறச் செய்வது வழிபாட்டுக்கு அடுத்த நிலையில் வைக்கத்தக்க உழைப்பு.

கிரெச்சியோவின் வைக்கோல்

இனி நம் குடிலுக்குத் திரும்புவோம். 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது, இத்தாலியின் கிரெச்சியோ என்ற சிற்றூரில் புனித அசிசி பிரான்சிஸ் ஒரு காட்சியை அமைக்கச் செய்தார். பெத்லகேமில் அந்தக் குழந்தை பட்ட வசதிக் குறைவைத் தம் கண்ணாலேயே காண வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதற்கு அவர் கேட்டவை மூன்றே: ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், மாடும் கழுதையும். தொட்டியின் மேல் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. சுற்றி நின்றவர்கள் தீப்பந்தங்களோடு வந்த ஊர் மக்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாளில் அதே கிரெச்சியோவில்தான் குடிலின் பொருள் பற்றிய தம் திருத்தூது மடலில் கையெழுத்திட்டார்.

அந்த வைக்கோலுக்கும் தரணியின் தாராவிக்கும் நான் காணும் உறவு இதுதான். இரண்டும் செய்து வைக்கப்பட்ட இடங்கள். இரண்டிலும் கட்டியவர், முதலில் ஏழையின் இடத்தை உற்றுப் பார்த்திருக்கிறார். இரண்டும் நடுவில் ஓரிடத்தை ஓர் ஆளுக்காகக் காலியாக விட்டிருக்கின்றன. கண்ணாடி மாளிகையில் அந்தக் காலியிடம் இல்லை. பரிசுக்காகக் கட்டப்படும் குடில்களிலும் அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. திருவிழாக் காலத்தில் பீடத்தை மறைக்கும் அளவுக்கு மலர்ச்சோடனையும் மின்விளக்கும் அடுக்கும்போதும் இதே தவறைத்தான் செய்கிறோம். சத்திரத்தில் இடம் கிடைக்காத குடும்பத்தின் விழாவில், நம் அலங்காரத்துக்கு இடம் தேடி அவர்களை இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்த்துகிறோம்.

அலங்காரமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தம் ஊர்க் குடிலுக்காக இரவு கண்விழிக்கும் இளைஞரின் கைகளில் நல்ல திறன் இருக்கிறது. அதை அணைத்துவிடக் கூடாது. 'நாயகன்' படத்தை ஒருமுறை அவர்களோடு அமர்ந்து பார்க்கலாம். அந்தச் சுவரை எப்படிக் கறுக்க வைத்திருப்பார்கள், அந்தத் தகரத்தை ஏன் அப்படிச் சாய்த்திருப்பார்கள் என்று பேசலாம். பிறகு நம் ஊரிலேயே கடலரிப்பில் சுவர் போன வீடொன்றையோ, ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திய குடிசையொன்றையோ போய்ப் பார்த்து, அங்கே இருப்பவர்களோடு சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். அதன் பின் அவர்கள் கட்டும் குடிலில் அருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வைக்கோலை எங்கே இட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.